பருப்புத் தம்பி

குட்டித் தம்பி தாரியோ வீட்டுக்கு வரப்போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து யுரானியின் அப்பா ஒரு நிமிடம்கூடச் சும்மா உட்காரவில்லை.

அப்பாவின் பெயர் எலியேசர். கொத்தனார். பொகோட்டா நகரத்தின் தெற்கே, மலைச்சரிவில் ஒன்றின் தோள்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் செங்கல் வீடுகளில் பல அவர் கட்டியவை. இப்போது மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்த வீட்டில் வேலை செய்தார். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தார். ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் காற்று நுழையும் இடுக்கில் சிமெண்ட் பூசினார். சுவரில் படர்ந்திருந்த பூஞ்சையைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா சாய்ந்தபடியே தூங்குவதற்காகக் கட்டிலின் தலைமாட்டில் பலகைகளை அறைந்து ஒரு சாய்மானம் செய்தார். பிறகு அதன் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போதும்ப்பா. கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு," என்றாள் பத்து வயது யுரானி.

"ஒரு சிராய்கூட இருக்கக் கூடாது," என்றார் அப்பா. மறுபடி தேய்த்தார்.

தாரியோ பிறந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். இப்போது தானாக மூச்சு விடுகிறான், பால் குடிக்கிறான், வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அவன் எடை ஆயிரத்து அறுநூறு கிராம்தான். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்பாரோ என்ற நர்ஸ் அங்கேயே வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"இவன் இன்னும் வயித்துக்குள்ள இருக்க வேண்டிய ஆளு. அவசரப்பட்டு வந்துட்டான். அதனால இனிமே நீங்கதான் இவனுக்கு வயிறு," என்றாள் அம்பாரோ.

குல்லாயும் அரைத்துணியும் மட்டும் போட்டிருந்த தாரியோவை எடுத்து, அம்மாவின் வெறும் நெஞ்சின்மேல் நிமிர்த்தி வைத்தாள். சின்னத் தவளை மாதிரி அவன் கைகாலை மடக்கி ஒட்டிக்கொண்டான். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கழுத்து மடங்காமல் பார்த்து, அகலமான துணியால் அம்மாவோடு சேர்த்துக் கட்டினாள்.

"கங்காரு தன் குட்டிய வச்சிருக்கிற மாதிரி. இப்பிடித்தான் எப்பவும் இருக்கணும்."

"எப்பவும்னா?" என்று கேட்டாள் அம்மா ரொசால்பா.

"பகலும் ராத்திரியும்தான். உங்க சூடுதான் இவனுக்குப் போர்வை. உங்க மூச்சு ஏறி இறங்கினா, 'ஓ, நாமளும் மூச்சு விடணுமே'ன்னு இவனுக்கு ஞாபகம் வரும். தொட்டில்ல போடக் கூடாது. ஆனா ஒரே ஆளால இது முடியாது. ரெண்டு பேர் மாத்தி மாத்தி வச்சுக்கணும்."

அம்பாரோ அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையாட்டினார். அவருடைய இரண்டு கைகளும் கால்சட்டைப் பைக்குள் இருந்ததை யுரானி கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை தாரியோ வீட்டுக்கு வந்தான்.

அப்பா சூப் வைத்தார். வெல்லத் தண்ணீர் கொதிக்கவைத்து அம்மாவுக்குக் கொடுத்தார். அரைத்துணிகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுச் சூடாக எடுத்துக் கொடுத்தார். ஆனால் அம்மா, "கொஞ்ச நேரம் இவனை வச்சுக்கோங்களேன்," என்று சொல்லும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலை வந்துவிடும். குழாய் சொட்டும். கேஸ் தீரும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா துணியைத் தளர்த்தி, தாரியோவை இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் நீட்டினாள். அப்பா ஓரடி பின்னால் போனார்.

"கை அழுக்கா இருக்கு," என்றார்.

அவர் கையிலிருந்து சோப்பு வாசனை வந்துகொண்டிருந்தது. அம்மா தாரியோவை மறுபடி தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். மூன்று நாளில் ஐந்து கிராம்தான் ஏறியிருந்தது. அம்பாரோ தராசைப் பார்க்கவில்லை. அம்மாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைத்தான் பார்த்தாள்.

"தூங்குறீங்களா?"

"உக்காந்துக்கிட்டே கொஞ்சம்."

"நீங்க தூங்கினாத்தான் பால் ஊறும். பால் ஊறினாத்தான் இவன் ஏறுவான். அடுத்த திங்கள் வரைக்கும் பாப்போம். அப்பவும் ஏறலைன்னா, திரும்ப ஆஸ்பத்திரிதான். வேற வழியில்ல."

வீட்டுக்கு வந்ததும் அப்பா கூரைக்கு ஏறிவிட்டார். யுரானியும் ஏணியில் ஏறிப் போனாள். சாயங்கால வெளிச்சத்தில் கீழே நகரம் முழுவதும் தெரிந்தது. அப்பா பூச்சுக் கரண்டியை வைத்துக்கொண்டு, ஒழுகாத ஒரு இடத்தைப் பூசிக்கொண்டிருந்தார்.

"அங்கதான் ஒழுகலையேப்பா."

"ஒழுகிடக் கூடாதுல்ல."

யுரானி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டேவிட்டாள்.

"உங்களுக்குத் தாரியோவைப் பிடிக்கலையா?"

கரண்டி நின்றது. அப்பா அவளைத் திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"எல்கின் உனக்கு ஞாபகம் இருக்கானா?"

யுரானிக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் பெரிய வயிறு ஞாபகம் இருந்தது. பிறகு எல்கின் என்று ஒரு பெயர். பிறகு வீட்டில் யாரும் பேசாமல் இருந்த பல நாட்கள். தம்பியின் முகம் அவளுக்குத் தெரியாது.

"மூணு நாள் இருந்தான்," என்றார் அப்பா. "மூணு நாளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். கடைசியில, இந்தாங்க, தூக்கிக்கோங்கன்னு குடுத்தாங்க. அப்ப அவன் சில்லுன்னு இருந்தான், யுரானி."

சாரல் விழ ஆரம்பித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"இந்தக் கையைப் பாரு. செங்கல் தூக்குற கை. மூட்டை தூக்குற கை. அவ்வளவு சின்னதை இதுக்குத் தூக்கத் தெரியாது. ஏதாவது ஆயிட்டா?"

யுரானி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சிமெண்ட் பட்டுச் சொரசொரவென்று இருந்தது.

மறுநாள் வகுப்பில் கணக்கு டீச்சர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, யுரானி ஆஸ்பத்திரியையே நினைத்துக்கொண்டிருந்தாள். அங்கே அம்மாவுக்குத் தாரியோவைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்துத்தான் கட்டப் பழக்கினார்கள். அப்போது அப்பா எங்கே இருந்தார்? வெளியே, நடைவழியில். கூப்பிட்டும் வரவில்லை.

அப்பா பழகவே இல்லை. அதுதான் சங்கதி. ஆனால் பஞ்சு அடைத்த பொம்மையைக் கொடுத்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். தாரியோ பஞ்சு இல்லையே.

மதியம் வீட்டுக்கு வந்தவள் சமையலறையில் இருந்த பருப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தோன்யா நூபியாவின் கடைக்குப் போனாள். கடை எதிர்வீட்டின் முன்னறையில்தான் இருந்தது. தோன், தோன்யா என்பது அந்த ஊரில் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல்.

"தோன்யா நூபியா, இதுல சரியா ஆயிரத்து அறுநூத்தி அஞ்சு கிராம் நிறுத்துக் குடுங்க."

"அது என்ன கணக்கு? யாருக்கு?"

"தம்பிக்கு."

"இப்பவே பருப்பு சாப்பிடுறானா? பரவாயில்லையே," என்றாள் தோன்யா நூபியா. சொல்லிக்கொண்டே கவனமாக நிறுத்தாள். கடைசியில் நான்கைந்து பருப்பைப் பொறுக்கி வெளியே வைத்தாள்.

யுரானி அப்பாவின் பழைய கம்பளிக் காலுறை ஒன்றில் அந்தப் பருப்பில் பெரும்பகுதியைக் கொட்டித் தைத்தாள். மீதியைச் சின்னக் காலுறையில் போட்டுத் தலை செய்தாள். தலையை இறுக்கித் தைக்காமல் வேண்டுமென்றே தளர்வாக விட்டாள். பிடிக்காவிட்டால் தொங்கிப்போகும். தாரியோவின் தலையும் அப்படித்தான். பழைய குல்லாயை மாட்டி, அகலத் துணியால் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள்.

அப்பா உள்ளே வந்தவர் பதறிப்போனார். "தம்பியை நீ ஏன்..."

"இது பருப்புப்பா. தம்பி அம்மாகிட்ட இருக்கான்."

அப்பா மூச்சு விட்டார். "என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. பழகுறேன். நர்ஸ் சொன்னது எல்லாத்தையும் இதுக்குச் செய்யணும்." நோட்டைப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். "அப்பா, பின்னக் கணக்கு ஒண்ணுக்கு வரைபடம் போடணும். இது இடிக்குது. பத்து நிமிஷம் வச்சுக்கிறீங்களா? வெறும் பருப்புதானே."

அப்பா ஒரு கையால் அதை வாங்கினார். தலை பின்பக்கமாகத் தொங்கியது.

"தலை," என்றாள் யுரானி.

அவசரமாக இன்னொரு கையைக் கொடுத்தார். பிறகு அதை மேசைமேல் வைக்கப் போனார்.

"தொட்டில் கூடாதுப்பா."

"இது மேசை."

"மேசையும் கூடாது."

பக்கத்து அறையில் சாய்மானத்தில் படுத்திருந்த அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். அப்பா சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, பருப்புப் பையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். யுரானி துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

"கன்னம் நெஞ்சுல படணும். மூக்கு வெளிய இருக்கணும். கழுத்தைப் பாருங்க, மடங்குது. ஆங், இப்ப சரி."

"மூச்சு விட மறந்துட்டா?" என்று கேட்டார் அப்பா. வெறும் பருப்பைப் பற்றித்தான் கேட்கிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

"முதுகை இப்பிடித் தேய்க்கணும். அப்பவும் விடலைன்னா பாதத்தைச் சுண்டணும். செஞ்சு பாருங்க."

அப்பா இரண்டு விரலால் தேய்த்தார். காலுறையின் நுனியை மெல்லச் சுண்டினார்.

பத்து நிமிடம் முடிந்தது. அப்பா அதைத் திருப்பிக் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. கட்டியபடியே சூப் கிண்டினார். துணி மடித்தார். புதன்கிழமை காலையில் சட்டைக்கு உள்ளே பருப்புப் பையோடு, மேலே கம்பளிப் போர்வையும் போட்டுக்கொண்டு, தோன்யா நூபியாவின் கடைக்கு முட்டை வாங்கப் போனார்.

"என்ன தோன் எலியேசர், தொப்பை போட்டுடுச்சு?"

"பருப்பு," என்றார் அப்பா.

"வெந்த பிறகு சாப்பிடணும், தோன். பச்சையா சாப்பிட்டா இப்படித்தான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் படியேறும்போது ஒரு கை பையின் தலையைத் தாங்கிக்கொண்டே இருந்ததை யுரானி பள்ளிக்குப் புறப்படும் அவசரத்திலும் பார்த்தாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல். பால் கட்டிக்கொண்டு உடம்பு நடுங்கியது. தோன்யா நூபியா கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். குழந்தையை அங்க எடுத்துட்டு வரக் கூடாது. அந்த வரிசையில நிக்கிற எல்லாரும் இருமிக்கிட்டிருக்காங்க."

அம்மா தாரியோவின் முதுகில் கை வைத்தபடி அப்பாவைப் பார்த்தாள். இந்தத் தடவை நீட்டவில்லை. கேட்கவும் இல்லை.

அப்பா சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவினார். முழங்கைவரை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். வந்து, சட்டையைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குடு," என்றார்.

அம்மா வைத்தாள். யுரானி துணியைச் சுற்றினாள். அப்பாவின் நெஞ்சு வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கதவு சாத்தப்பட்டது. வீட்டில் அவர்கள் மூன்று பேர்தான்.

வெகுநேரம் அப்பா அசையவில்லை. ஏதோ தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை மடியில் வைத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் குனிந்து குல்லாயைப் பார்த்தார்.

"சூடா இருக்கான், யுரானி," என்றார்.

மூன்று மணிக்குப் பால் கொடுக்க வேண்டும். அம்மா எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்த பாலைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, சொட்டுக் குழாயால் யுரானி உறிஞ்சிக் கொடுத்தாள். அப்பா அதை வாங்கித் தாரியோவின் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டார். தாரியோ விழுங்கினான். இன்னொரு சொட்டு. விழுங்கினான். இன்னொன்று.

திடீரென்று தாரியோ நெற்றியைச் சுருக்கினான். சின்னதாக ஒரு விக்கல் வந்தது. அதன்பிறகு ஒன்றும் இல்லை.

யுரானி அவன் முகத்துக்கு நேராக மண்டியிட்டிருந்தாள். அவன் உதட்டின் நிறம் மாறுவது அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. ரோஜா நிறம் போய்ச் சாம்பலாயிற்று.

"அப்பா, மூச்சு விடலை."

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. அவர் கண் தாரியோவைப் பார்க்கவில்லை. எங்கோ பார்த்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஏதோ ஓர் இடத்தை அவர் பார்க்கிறார் என்று யுரானிக்குத் தோன்றியது.

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துத் தாரியோவின் முதுகில் வைத்தாள்.

"நாம செஞ்சது மாதிரிப்பா. முதுகு."

அந்தக் கை விழித்துக்கொண்டது. இன்னொரு கையால் தாரியோவை லேசாக முன்னால் சாய்த்து, இரண்டு விரலால் முதுகைத் தேய்த்தார். வாயோரம் பால் வழிந்தது. யுரானி துணி நுனியால் துடைத்தாள்.

"இன்னும் விடலை. பாதம்."

அப்பா துணிக்குள் விரலை விட்டு, கட்டைவிரல் அளவே இருந்த அந்தப் பாதத்தைச் சுண்டினார். ஒருமுறை. இன்னொரு முறை.

தாரியோ உடம்பைச் சிலிர்த்தான். வாயைத் திறந்து காற்றை இழுத்தான். பிறகு கோபமாக அழுதான். அந்தச் சத்தம் பூனைக்குட்டியின் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

யுரானி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா தாரியோவை நிமிர்த்தி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்து குல்லாயின்மேல் சொட்டியது.

"குல்லாய் நனையுதுப்பா. குளிரும்," என்றாள் யுரானி. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அப்பா மூக்கை உறிஞ்சினார். "வேற குல்லாய் எடுத்துட்டு வா. இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்."

மாத்திரைகளோடு அம்மா திரும்பி வந்தபோது அப்பா அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். நடந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அம்மா தாரியோவின் உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், மூச்சைக் காதில் கேட்டாள். உடனே அம்பாரோவுக்குப் போன் செய்தாள். அம்பாரோ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனாள். இனிமேல் பாலை இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவே அவன் மூச்சு விடும்வரை காத்திருக்க வேண்டும் என்றாள்.

"இப்ப தாங்க. நான் வச்சுக்கிறேன்," என்றாள் அம்மா.

"நீ முதல்ல தூங்கு," என்றார் அப்பா. "பால் கொடுக்க மட்டும் எழுப்புறேன்."

அம்மா காலை நீட்டிப் படுத்தாள். தாரியோ வந்த பிறகு அவள் படுத்துத் தூங்கியது அதுதான் முதல் தடவை. குறட்டைகூட விட்டாள். அதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாவும் யுரானியும் முடிவு செய்தார்கள்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தாரியோ ஒரு நெஞ்சிலிருந்து இன்னொரு நெஞ்சுக்கு மாறிக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் பருப்பு சூப் கொதித்தது. அது எந்தப் பருப்பு என்று யாரும் கேட்கவில்லை. நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை அம்மாவுக்கு இன்னும் அசதி தீரவில்லை. அதனால் அப்பாவும் யுரானியும்தான் தாரியோவை எடை பார்க்கக் கொண்டுபோனார்கள். அம்பாரோ தராசில் வைத்தாள். எண்கள் ஓடி நின்றன. ஆயிரத்து எழுநூற்று முப்பது.

அம்பாரோ அதை நோட்டில் எழுதினாள். "வீட்டிலேயே இருக்கட்டும்," என்றாள். தாரியோவை எடுத்து மறுபடி கட்டுவதற்காக அவள் திரும்பியபோது, அப்பா அதற்குள் சட்டையைத் திறந்துகொண்டு நின்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். அப்பா கம்பளிப் போர்வைக்குள் தாரியோவை அணைத்தபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் இடித்துவிடக் கூடாது என்று யுரானி அவருக்கு முன்னால் காலை அகட்டிவைத்து நின்றுகொண்டாள்.

நீல நிற இருக்கை ஒன்றில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"உட்காருங்க," என்றாள்.

அப்பா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"உங்களைத்தான் சொல்றேன். நீல சீட்டு பிள்ளை வச்சிருக்கவங்களுக்குத்தானே."

இருபத்தைந்து வருடமாக அந்த வழியில் பஸ்ஸில் போய்வரும் எலியேசர், அன்று முதல்முறையாக நீல இருக்கையில் உட்கார்ந்தார். முதுகைச் சாய்க்காமல், நிமிர்ந்து, யாராவது கேட்டால் காட்டத் தயாராக இருப்பவர்போல உட்கார்ந்தார். போர்வையின் கழுத்து வழியே ஒரு சின்னக் குல்லாய் மட்டும் வெளியே தெரிந்தது. பஸ் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது.